அப்பா சொல்லாத வரி

என் அப்பா பக்தி குறைந்தவர் அல்லர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். மற்றப் பாதிப் பேர் அப்படி நினைக்காவிட்டாலும் சொல்லித் திரிந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை அவர் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. காய்ச்சல் என்றாலும் சால்வையால் தலையை மூடிக்கொண்டு போய்விடுவார். ஆனால் எல்லாரும் நன்மை எடுக்க எழும்பும்போது அவர் மட்டும் எழும்பமாட்டார். நற்கருணை வாங்குவதை எங்கள் பக்கத்தில் நன்மை எடுப்பது என்றுதான் சொல்வோம். எனக்கு அறிவு தெரிந்த நாளிலிருந்து, நான் படித்து முடித்து ஆசிரியையாக வேலைக்குப் போகத் தொடங்கிய காலம் வரை, அப்பா நன்மை எடுத்ததில்லை.

ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில், கடலை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. அங்கே இது ஒளித்து வைக்கக்கூடிய சங்கதி அல்ல. கோயிலில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாகப் பாயில் இருப்போம். எல்லாரும் எழும்பி முன்னுக்குப் போன பிறகு பாயில் மிஞ்சுவது கைக்குழந்தைகளும் என் அப்பாவும்தான். குழந்தைகளில் ஏதாவது அழுதால் அவர் தூக்கி வைத்திருப்பார். அதனால் ஊர்த் தாய்மாருக்கு அவர்மேல் ஒரு வாரப்பாடு, தனிப் பாசம், உண்டு.

காரணம் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. அண்ணனும் தம்பியும் களங்கண்டித் தொழில் செய்தவர்கள். ஆழமில்லாத கடலில் வரிசையாகக் கம்புகள் நட்டு, அவற்றில் வலையைக் கட்டி, கடல்நீர் வடியும் வற்றோடு இறங்கும் மீனை மறித்துப் பிடிப்பது அந்தத் தொழில். இதில் வலையைவிட இடம்தான் பெரிது. மீன் இறங்கும் வழியில் கம்பு நின்றால் மீன், தள்ளி நின்றால் பாசி. அப்பாவுக்கு நல்ல இடம் ஒன்று இருந்தது. நான் தவழ்ந்து திரிந்த காலத்தில் அவருக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து ஆசுபத்திரியில் கனகாலம் கிடந்தார். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா தன் கம்புகளைக் கொண்டுபோய் அந்த இடத்தில் நட்டுவிட்டார். வெறுமையாக விட்டால் வேற்றூரார் பிடித்துவிடுவார்கள் என்றாராம். அது நியாயமான பேச்சுத்தான். அப்பா எழும்பி நடமாடத் தொடங்கி இடத்தைக் கேட்டபோது, "பொறு அண்ணை, இந்தச் சோளகம் முடியட்டும்" என்றார். சோளகக் காற்று முடிந்தது. "பொறு அண்ணை, வாடையும் போகட்டும்" என்றார். வாடைக்காற்றும் போனது. அதற்குப் பிறகு அப்பா கேட்கவில்லை, சித்தப்பா பொறு என்று சொல்லவும் இல்லை, கம்புகள் மட்டும் நின்றன. அப்பா கரைப்பக்கமாகத் தள்ளி வேறு கம்புகளை நட்டுக்கொண்டார். நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் தன் வலையைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவர் கண்ணில் தம்பியின் கம்புகள் பட்டுக்கொண்டே இருந்தன.

அதோடு எங்கள் வீட்டில் அந்தச் சொல்லே இல்லாமல் போயிற்று. "பொறுங்கோ, தேத்தண்ணி ஆறட்டும்" என்று அம்மா சொன்னாலே அப்பாவுக்கு முகம் கடுக்கும். அம்மா "இருங்கோ" என்று சொல்லப் பழகிக்கொண்டார். நானும் அப்படியே பழகினேன்.

சித்தப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிடிபடும் மீனில் ஒரு கோர்வை ஆண் துணை இல்லாத வீடுகளுக்குப் போகும். என்னைக் கண்டால் சிரிக்காமல் போகமாட்டார். எங்கள் வளவுக்கும் அவர் வளவுக்கும் இடையில் ஓலைவேலி. அதில் ஆள் புகுந்து போகும் அளவில் ஒரு பொட்டு இருந்தது. அந்தப் பொட்டால் அம்மாவும் சின்னம்மாவும் கறிச்சட்டி மாற்றிக்கொள்வார்கள், பிள்ளைகள் நாங்கள் புகுந்து போய் வருவோம். ஆண்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் தலை வைப்பதில்லை. இந்தச் சித்தப்பா ஞாயிறு தவறாமல் நன்மை எடுப்பவர். அதுவும் முதல் ஆளாக. மணி அடித்து முடிவதற்குள் எழும்பிவிடுவார். அப்பாவின் வயிற்றை எரித்தது கம்பை விட இதுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டில் பின்னேரம் விளக்கு வைத்ததும் செபமாலை. எங்கள் ஊரில் அநேகமான வீடுகளில் அம்மாமார்தான் செபமாலை தொடங்கிச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அப்பா. யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். தொடங்குகிறவர் செபத்தின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வது வழக்கம். கர்த்தர் கற்பித்த செபத்தில், பிதாவைக் கூப்பிடுவதிலிருந்து அவருடைய சித்தம் பூமியிலும் நடக்கட்டும் என்பது வரை முன்பாதி. அன்றாட உணவைக் கேட்பது, எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல் எங்கள் பாவங்களைப் பொறுக்கச் சொல்லிக் கேட்பது, சோதனையில் விழாமல் காக்கச் சொல்வது எல்லாம் பின்பாதி. அப்பாவுக்கு நல்ல வெண்கலக் குரல். அவர் முன்பாதி சொன்னால் பக்கத்து வளவு வரைக்கும் கேட்கும். எனக்கு அதில் பெரிய பெருமை.

நான் புது நன்மைக்கு, முதல் தடவை நன்மை எடுப்பதற்கு, ஆயத்தமாகிய வருடம் அந்தப் பெருமை போயிற்று. வேதபாடமான ஞானோபதேசத்தைப் படிப்பித்த மதர், புது நன்மைக்கு நிற்கும் பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் ஒரு நாளைக்காவது செபமாலை தொடங்கிச் சொல்ல வேண்டும் என்று கட்டளை போட்டிருந்தார். அப்பாவுக்கு விருப்பமில்லை. மதரின் பெயரைச் சொன்னதும் தட்ட முடியாமல் இருந்துவிட்டார். நான் முன்பாதியைச் சொன்னேன். அம்மாவும் அப்பாவும் பின்பாதியைச் சொன்னார்கள். அன்றாட உணவு கேட்கும் இடத்தில் அப்பாவின் குரல் இருந்தது. அடுத்த வரியில் இல்லை. அம்மாவின் குரல் மட்டும் தனியே போனது. சோதனையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அப்பா மறுபடி வந்து சேர்ந்துகொண்டார். செபமாலையின் அடுத்த பத்து மணிகளைத் தொடங்கும்போதும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே.

எனக்கு விளங்கிவிட்டது. அப்பாவுக்கு அந்த வரி பாடமில்லை. அதனால்தான் மனிதர் எப்போதும் முன்பாதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதனால்தான் நன்மையும் எடுப்பதில்லை. செபம் பாடமில்லாத பிள்ளைகளுக்கு நன்மை கிடையாது என்று மதர் எங்களுக்கு வாரத்தில் ஒரு தடவையாவது சொல்லுவார்.

எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அடுத்த நாள் அவர் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் இருந்தேன்.

"அப்பா, நான் சொல்லித் தாறன். நீங்கள் பிறகாலை சொல்லுங்கோ" என்றேன்.

"என்னத்தை, பிள்ளை?"

நான் வரியைச் சொன்னேன். அப்பா ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் பார்த்தார். அம்மா வாசலில் நின்று வாயைச் சேலைத்தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பில்லாமல் போயிற்று.

"உது எனக்கு நாக்கிலை நிக்குதில்லைப் பிள்ளை" என்றார் அப்பா.

நான் விடவில்லை. பகுதி பகுதியாகச் சொல்லிக் கொடுத்தேன். அவர் வலையைப் பொத்திக்கொண்டு ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார், ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லை. கடைசியில் எனக்கு வேறு வழி தெரியாமல் மதரிடம் போய், என் அப்பாவுக்கு அந்த வரி பாடமாக்க முடியாமல் இருக்கிறது, அவருக்காகச் செபம் செய்யுங்கோ என்று கேட்டேன். மதர் அதைப் பங்குச் சுவாமியாரிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த நாள் சுவாமியார் வயதானவர், பகிடி தெரிந்தவர். ஒரு பின்னேரம் சைக்கிளை எங்கள் வேலிப் படலையில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். அம்மா ஓடிப்போய் எங்களிடம் இருந்த ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டார். அப்பா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு எழும்பி நின்றார்.

"உனக்குச் செபம் பாடமில்லையாம். உன்ரை மகள் சொல்லுறாள். எங்கை, சொல்லு பாப்பம்" என்றார் சுவாமியார்.

அப்பா முன்பாதியை முழுசாகச் சொன்னார். அன்றாட உணவையும் கேட்டார். பிறகு நிறுத்தினார்.

"பாடமிருக்குது சுவாமி. வாய்க்குள்ளைதான் நிக்குது. வெளியிலை விடேலாமல் கிடக்குது."

சுவாமியாருக்குத் தெரியாத கதை அல்ல. "அப்ப தம்பியைப் பொறுத்துப்போட்டு விடு" என்றார்.

"பொறுத்துக்கொண்டுதானே இருக்கிறன் சுவாமி. பொறுக்காட்டில் அந்தக் கம்புகள் இவ்வளவு காலமும் தண்ணியிலை நிக்குமே?"

"நான் சொல்லுற பொறுத்தல் வேறை."

"தமிழிலை ஒரு சொல்லுத்தானே சுவாமி கிடக்குது" என்றார் அப்பா.

சுவாமியார் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, உயிர்ப்புத் திருநாளை ஒட்டிய பாஸ்குக் காலத்தில் ஒரு தடவையாவது நன்மை எடுக்க வேண்டியது கத்தோலிக்கனுக்குக் கடமை என்று நினைவூட்டினார். அப்பா, "பூசைக்கு வருவன் சுவாமி. பொய் சொல்லிப்போட்டு எழும்பமாட்டன்" என்றார். சுவாமியார் என் தலையில் கை வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் எனக்கு அப்பாவுக்கு வரி தெரியும் என்பது தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

புது நன்மை நாளில் வெள்ளைச் சட்டை, தலையில் வெள்ளை நெற் முக்காடு, கையில் மெழுகுதிரி. நன்மைக்கு முன் ஒரு சொட்டும் விழுங்கக் கூடாது என்று, பல்லு மினுக்கும்போது தண்ணீர் உள்ளே போய்விடாமல் அம்மா பக்கத்தில் நின்று காவல் காத்தார். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் அப்பாவும் ஒரு பக்கம் அம்மாவுமாக முன்னுக்குப் போய் முழங்காலில் நின்றார்கள். எனக்கு அம்மா மட்டும். மற்றப் பக்கம் வெறுமையாக இருந்தது. சித்தப்பா வந்து அந்த இடத்தில் முழங்காலில் நின்றார். அவர் பாசத்தில் செய்தார், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அவரைத் தள்ளிவிட வேண்டும் போலிருந்தது. அவர் எப்போதும் அப்பாவின் இடத்திலேயே வந்து நிற்கிறவர் என்று நினைத்துக்கொண்டே நாக்கை நீட்டி என் முதல் நன்மையை எடுத்தேன்.

அம்மாவுக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கடலுக்குப் போகிற மனிதர், ஒன்று கிடக்க ஒன்று நடந்துவிட்டால் நன்மை எடுக்காமலே போய்விடுவார் என்ற பயம். அந்தக் காலத்தில் அது சின்னப் பயம் அல்ல. சேமக்காலையில், எங்கள் கல்லறைத் தோட்டத்தில், எந்த மூலையில் தாழ்ப்பார்கள் என்பது வரைக்கும் அம்மா யோசித்து வைத்திருந்தார். சமைக்கும்போது, துவைக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது என்று அப்பாவுக்காகச் செபமாலை உருட்டிக்கொண்டே இருப்பார். இடையிடையே சண்டையும் பிடிப்பார்.

"எடுக்கிற சனமெல்லாம் மனதாலை பொறுத்துப்போட்டே எடுக்குது? வாயாலை சொல்லிப்போட்டு எடுங்கோவன்."

"வாயாலை சொல்லுறதெண்டால் ஒரு கிளியைப் பிடிச்சு விடும். அது சொல்லும்" என்பார் அப்பா.

"உங்கடை தம்பி எடுக்கிறார்தானே?"

"அதுதான் பாக்கிறன், என்னெண்டு எடுக்கிறான் எண்டு."

இப்படியே வருடங்கள் போயின. நான் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கியபோது பூசை தமிழுக்கு வந்தது. அதற்கு முன் எல்லாம் இலத்தீன். பீடத்தைப் பார்த்துக்கொண்டு சுவாமியார் தன்பாட்டில் சொல்வார், நாங்கள் எங்கள்பாட்டில் செபமாலை சொல்வோம். இப்போது சுவாமியார் எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். கர்த்தர் கற்பித்த செபத்தை எல்லாரும் எழும்பி நின்று, ஒன்றாக, முதலிலிருந்து கடைசி வரை சொல்ல வேண்டும் என்றார்கள். முன்பாதியும் இல்லை, பின்பாதியும் இல்லை.

ஊர் முழுக்க அதைக் கொண்டாடியது, அப்பா அகப்பட்டுக்கொண்டார். அவருடைய குரல் சின்னக் குரலாக இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. அவர் சொல்லும்போது ஆண்கள் பக்கம் முழுவதும் அவரைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லும். அந்த வரி வந்ததும் குரல் நின்றுவிடும், மற்றவர்கள் தடுமாறுவார்கள். அதை மறைக்க அவர் இருமத் தொடங்கினார். சரியாக அந்த வரிக்கு வரும் இருமல், அந்த வரியோடு போய்விடும். விடலைகள் சிரித்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு மனிதர் பூசை முடிந்து அப்பாவிடம் ஆடாதோடைக் கசாயம் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அதற்கும் நன்றி சொன்னார்.

நான் ஆசிரியையாகிய வருடம் புதிதாக ஓர் இளம் சுவாமியார் வந்தார். அடக்கமான பிள்ளை, ஆனால் எதையும் ஒழுங்குபடுத்திவிட வேண்டும் என்ற துடிப்பு. ஐப்பசி மாதத்தில் எங்கள் ஊரில் மாதா சுருவம், மாதாவின் சிலை, வீடு வீடாகப் போகும். இன்றைக்கு ஒரு வீட்டில் வைத்துச் செபமாலை சொன்னால் நாளைப் பின்னேரம் அந்த வீட்டுக்காரர் சுருவத்தைத் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். கொடுக்கிறவர் படலைக்கு வெளியே நின்று முன்பாதியைச் சொல்வார், வாங்குகிற வீட்டார் உள்ளே நின்று பின்பாதியைச் சொல்வார்கள். பிறகு சுருவம் கைமாறும். சுருவம் போகும் வரிசையைப் போடுகிற ஊர் மூப்பர் விபரம் தெரிந்தவர். இத்தனை வருடமும் சித்தப்பா வீட்டுச் சுருவம் எங்கள் படலையைத் தாண்டிப் போய், பின்பக்க ஒழுங்கைத் தெருவைச் சுற்றி, வேறொரு வீட்டிலிருந்துதான் எங்களிடம் வந்து சேரும். இளம் சுவாமியார், "பக்கத்து வீட்டை விட்டிட்டு மாதா ஏன் சுத்திப் போறா?" என்று கேட்டார். மூப்பர் வரிசையை மாற்றிப் போட்டார். அந்த வருடம் மாதா வேலி ஒழுங்கிலேயே, சித்தப்பா வீட்டிலிருந்து நேரே எங்களிடம், வந்தார்.

அம்மா முற்றம் கூட்டி, மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, பூ வைத்து எல்லாம் செய்தார். அப்பா வலையை எடுத்தார்.

"நீங்கள் இண்டைக்குக் கடலுக்குப் போனால், சுருவத்தைப் படலையிலையே நிப்பாட்டிப்போட்டு நானும் அதிலையே நிப்பன். சனம் பாக்கட்டும்" என்றார் அம்மா.

அப்பா வலையை வைத்துவிட்டுச் சட்டை போட்டுக்கொண்டார்.

இருட்டுகிற நேரம் மெழுகுதிரிகளோடு சனம் வந்தது. முன்னால் சித்தப்பா. எங்கள் ஊர்ச் சுருவம் சீமெந்தில் செய்தது. பாரம் கூடியது. ஆனாலும் வீட்டுக்காரர் தனியே தூக்கி வருவதுதான் மரியாதை. சித்தப்பா படலைக்கு வெளியே நின்று, கீழே பார்த்துக்கொண்டு, முன்பாதியைச் சொன்னார். அவருக்கும் நல்ல குரல்தான், அப்பாவின் குரலைப் போலவே இருக்கும். அவர் முடித்ததும் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் பின்பாதியைத் தொடங்கினோம். அன்றாட உணவைக் கேட்டோம். அப்பா நின்றார். நான் வழமைபோல வரியைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையில் நன்றாகக் கிள்ளினார். அம்மாவும் சொல்லவில்லை.

இத்தனை வருடமும் அந்த வரியை அம்மாதான் அப்பாவுக்கும் சேர்த்துச் சொல்லிவந்தார். அன்று விட்டுவிட்டார். அதனால் செபம் எங்கள் படலையில் அப்படியே நின்றது. இருமலும் வரவில்லை. சித்தப்பா சுருவத்தோடு நின்றார். பாரம் தாங்காமல் அதை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார். பின்னால் நின்ற யாரோ தாங்க வந்தார்கள், அவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். அப்பா உள்ளே போய்விடப் போகிறார், இனி ஒருநாளும் இது நேராகாது என்றே நினைத்தேன்.

"பொறு" என்றார் அப்பா.

அவர் ஒருவரைப் பொறுக்கச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"ஓம் அண்ணை. பொறுக்கிறன்" என்றார் சித்தப்பா.

அப்பா தொண்டையைச் செருமினார். அன்றாட உணவிலிருந்து மறுபடி தொடங்கினார், தனியாக. அந்த வரிக்கு வந்தார். நாங்கள் பொறுப்பதுபோல என்று வரவேண்டிய இடத்தில், "நாங்கள் பொறுக்கப் பாக்கிறது போலை" என்று சொன்னார். சொல்லிவிட்டு மிச்சத்தையும் முடித்து, படலையைத் திறந்து, தம்பியின் கையிலிருந்து சுருவத்தை வாங்கினார். இளம் சுவாமியாருக்கு என்ன நடந்தது என்று விளங்கவில்லை. யாரோ செபத்தைப் பிழையாகச் சொல்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது, திருத்தலாமா விடலாமா என்று எங்கள் முகங்களைப் பார்த்தார். அம்மா பார்த்த பார்வையில் விட்டுவிட்டார்.

சனிக்கிழமை அப்பா சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். அம்மாவுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. ஞாயிறு விடிய அலுமாரியிலிருந்து நல்ல வேட்டியை எடுத்து வைத்தார். பூசை முழுவதும் அம்மா பீடத்தைப் பார்க்கவில்லை. ஆண்கள் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நன்மைக்கு மணி அடித்தது. அப்பா எழும்பினார். கோயிலில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. வரிசையில் போய் நின்று, ஒவ்வோர் அடியாக முன்னுக்குப் போனார். பாதித் தூரத்தில் நின்றுவிட்டார்.

முன்பாயில் சித்தப்பா இருந்தபடி இருந்தார். எப்போதும் முதல் ஆளாக எழும்புகிற மனிதர், தலையைக் குனிந்துகொண்டு, கை இரண்டையும் மடியில் வைத்தபடி இருந்தார். அண்ணனின் இடத்தை எடுத்ததை அவர் ஒருநாளும் பிழை என்று சொன்னதில்லை, பொறுத்துக்கொள் என்று கேட்டதும் இல்லை. தான் கேளாமலே அண்ணன் பொறுக்கப் பார்க்கிறார் என்பது படலையில் நின்றபோது அவரைக் குத்தியிருக்க வேண்டும். இது நான் ஊகித்தது. அப்பா அவரைப் பார்த்தார். பிறகு வரிசையை விட்டு விலகிப் போய் அவர் பக்கத்தில் பாயில் இருந்துவிட்டார். அந்த ஞாயிறு இரண்டு பேருமே எடுக்கவில்லை.

அம்மாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கோயில் வளவு தாண்டும் வரைகூடத் தாங்கவில்லை.

"எழும்பின மனிசன் போய் எடுத்துப்போட்டு வந்து தம்பியோடை இருந்தால் என்ன குறைஞ்சா போகும்? உங்களுக்கெண்டு நான் உருட்டின மாலை எல்லாம் பாதி வழிக்குத்தானோ?"

"அவன் அங்கை இருக்க நான் மட்டும் போய் எடுக்கிறதோ?"

"அவர் என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. நான் போய் இருக்கத் தள்ளி இடம் விட்டவன்."

"பாயிலை இடம் விட்டால் காணுமே? கடலிலை விடட்டும்!"

விட்டார். அந்தக் கிழமையே வற்றுப் பார்த்துச் சித்தப்பா தன் கம்புகளைப் பிடுங்கப் போனார். இத்தனை வருடம் சேற்றில் ஊறின கம்புகள், ஒரு ஆளுக்கு அசையவில்லை. அப்பா போய் மற்றப் பக்கம் பிடித்தார். சிப்பி கிழித்து உள்ளங்கை முழுவதும் காயத்தோடு வீட்டுக்கு வந்தார். அம்மா மருந்து போட்டுக் கட்டினார், ஆனால் பேசவில்லை. அந்தக் கிழமை முழுவதும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு மணி அடித்ததும் அண்ணனும் தம்பியும் ஒன்றாக எழும்பினார்கள். நானும் எழும்பினேன். அம்மா எழும்பவில்லை. நான் குனிந்து தோளைத் தொட்டேன்.

"நீ போ. எனக்கு உந்த மனிசனிலை இன்னும் கோபம் ஆறேல்லை. ஆறாமல் எடுக்கிறது பொய்யாம். அவர்தானே சொல்லித் தந்தவர்" என்றார். கண் சிவந்திருந்தது.

என் வாழ்நாளில் அம்மா நன்மைக்கு எழும்பாமல் இருந்த ஒரே நாள் அது. யாருக்காக இவ்வளவு காலம் காத்திருந்தாரோ அவர் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார், அம்மா பாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு இரண்டு பேர்மேலும் ஆத்திரம் வந்தது. அப்பா திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார். வரிசையை விட்டு வந்து, நடுவழியில், ஊர் முழுவதும் பார்க்க, பெண்கள் பாயின் ஓரத்தில் நின்றார்.

"இஞ்சேரும், எழும்பும்."

"சனம் பாக்குது. நீங்கள் போங்கோ."

"நீர் வராமல் நான் போகன்."

"எனக்குக் கோபம் கிடக்குது."

"கிடக்கட்டும். கோபத்தோடை வாரும்" என்றார் அப்பா. அவருக்குப் பின்னால் சித்தப்பாவும் வந்து, "அண்ணி, எழும்புங்கோ, எல்லாம் என்னாலைதானே" என்று மெதுவாகச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதை நான் கேட்டது அதுதான் முதல்.

வரிசை அப்படியே நின்றது. சுவாமியார் நற்கருணையைக் கையில் வைத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா அசையவில்லை. கட்டுப் போட்ட கையை அம்மா பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார். அம்மா அவரை மன்னித்தாரா என்று அன்றும் எனக்குத் தெரியாது, இன்றும் தெரியாது. முணுமுணுத்துக்கொண்டே அந்தக் கையைப் பிடித்து எழும்பி வந்தார்.